கைநினைவுக்கு ஒரு பயிற்சி



இவ்விதழின் பாடத்தை மருந்து கொடுக்கும் ஜன்னலருகே தொடங்குகிறோம். அங்கே ஒரு நாள் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை வழக்கம்போல் மாற்றியிருக்கிறோம்.

அறுபது வயதைக் கடந்த ஒரு தாயார். எச்.ஐ.வி. கிருமியோடு இருபது வருடங்களுக்கு மேலாக வாழ்ந்துவருகிறவர். மருந்தாளுநர் மாத்திரைகளை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்: "அம்மா, இந்தப் பெரிய மாத்திரை ராத்திரி ஒண்ணு. கால்சியம் மாத்திரையை இதோட சேர்த்துப் போடாதீங்க, அது காலையில டிபனோட. சர்க்கரை மாத்திரையை டாக்டர் குறைச்சிருக்காரு, இனிமே ரெண்டு வேளையும் பாதி பாதி. அடுத்த மாசம் ரத்தம் எடுக்கணும், வெறும் வயித்துல வாங்க."

தாயார் தலையை ஆட்டிவிட்டுப் போனார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "தம்பி, எதைப் பாதியாக்கச் சொன்னீங்க?" மருந்தாளுநர் மறுபடி சொன்னார். மூன்றாம் முறையும் வந்தபோது வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எங்களில் ஒருவரே, "கொஞ்சம் கவனமா கேக்கக் கூடாதாம்மா?" என்று சொல்லிவிட்டார். அந்தத் தாயார் கோபப்படவில்லை. "கவனமாத்தான் கேட்டேன். கேக்கக் கேக்கவே போயிடுது" என்றார்.

கேட்கக் கேட்கவே போய்விடுகிறது! டாக்டர்கள் பெரிய புத்தகங்களில் எழுதிவைத்திருக்கும் ஒரு விஷயத்தை அவர் மூன்றே வார்த்தைகளில் சொல்லிவிட்டார். அவரைக் கடிந்துகொண்டதற்காக நாங்கள் பிறகு வருந்தினோம். இந்தப் பாடம் அந்த வருத்தத்திலிருந்து வந்தது.

இதே தாயார் ஞாயிறு பள்ளியில் சிறுபிள்ளையாகப் படித்த சங்கீதங்களை ஒரு சொல் பிசகாமல் சொல்வார். தம் கல்யாணத்துக்கு யார் யார் என்னென்ன சீர் கொண்டுவந்தார்கள் என்பதும் தெரியும். அப்படியானால் ஞாபகசக்தி இருக்கிறதா, இல்லையா?

ஞாபகம் என்பது ஒரே சரக்கல்ல. பெட்டியில் பூட்டிவைத்த நகை ஒன்று. கையில் வைத்துச் செலவழிக்கும் சில்லறை இன்னொன்று. சங்கீதமும் சீர்வரிசையும் பெட்டியில் இருப்பவை. இப்போது கேட்டதைச் சில வினாடிகள் மனதில் பிடித்துவைத்து, அதைக்கொண்டே ஒரு வேலையையும் செய்வது கைச்சில்லறை. ஆங்கிலேய உளவியலாளர்களான ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974ஆம் ஆண்டு இதை விளக்கி எழுதிய பிறகு, 'செயல்படு நினைவு' என்னும் பெயரில் இது உலகமெங்கும் ஆராயப்படுகிறது. நாம் எளிமைக்காகக் 'கைநினைவு' என்றே சொல்லிக்கொள்வோம்.

உங்கள் கைநினைவை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். பக்கத்தில் இருப்பவரை வினாடிக்கு ஒன்றாக 6, 1, 9 என்று சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் 9, 1, 6 என்று திருப்பிச் சொல்லுங்கள். பிறகு நான்கு எண்கள், பிறகு ஐந்து. நான்கைந்து எண்களுக்குமேல் பெரும்பாலோருக்குத் தடுமாற்றம் வரும். எங்கள் அலுவலகத்தில் கணக்கர் ஏழுவரை போனார். இந்த இதழைத் தொகுப்பவர் நான்கில் நின்றுவிட்டார். அவர் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை.

கைநினைவை வளர்ப்பது நம் நாட்டுக்குப் புதிய யோசனையும் அல்ல. அவதானக் கலை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். முதுகில் விழும் கற்களை எண்ணிக்கொண்டே, சபையோர் கேட்கும் கணக்குக்கு விடை சொல்லி, கொடுத்த ஈற்றடிக்கு வெண்பாவும் பாடுவார்கள். நாகர்கோவிலைச் சேர்ந்த கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா ஹாலில் நூறு காரியங்களில் ஒரே நேரத்தில் கவனம் வைத்துக் காட்டி 'சதாவதானி' என்று பெயர் பெற்றார். பயிற்சியினால் மனிதன் எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதற்கு அவர் சாட்சி. அவரைப் பற்றி ஒரு கேள்வியும் நமக்கு உண்டு; அதற்குச் சற்றுப் பின்னால் வருவோம்.

எச்.ஐ.வி. என்றால் உடலின் எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் கிருமி என்று எல்லாருக்கும் தெரியும். அது மூளைக்குள்ளும் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. தொற்று ஏற்பட்ட சில வாரங்களிலேயே, இரத்தத்திலுள்ள சில வெள்ளை அணுக்களோடு ஒட்டிக்கொண்டு அது மூளைக்குள் நுழைந்துவிடுகிறது. அங்கே நாம் நினைப்பதற்குப் பயன்படுத்தும் நரம்பணுக்களை அது பெரும்பாலும் நேரடியாகத் தாக்குவதில்லை. அவற்றைச் சுற்றிக் காவல்காக்கும் அணுக்களில் குடியேறுகிறது. காவல்காரர்கள் கொதிப்படைகிறார்கள், அந்தக் கொதிப்பில் பக்கத்திலிருக்கும் நரம்பணுக்கள் வாடுகின்றன. நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியும், அதோடு இணைந்து மூளையின் அடியாழத்தில் இருக்கும் பகுதிகளும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. கைநினைவு, கவனம், யோசிக்கும் வேகம் ஆகியவை அங்கேதான் நடக்கின்றன. பெட்டி தப்பிக்கிறது, சில்லறை குறைகிறது.

மருந்து கிருமியை அடக்கிவிட்டால் இந்தக் கேடு பெருமளவு நின்றுவிடும். 1996ஆம் ஆண்டு கூட்டு மருந்துச் சிகிச்சை வருவதற்குமுன் எய்ட்ஸ் நோயாளிகளில் பலர் கடைசிக் காலத்தில் புத்தி மயங்கிப் போனார்கள். இப்போது அந்தக் காட்சி அரிதாகிவிட்டது. அமெரிக்காவில் ஆறு மையங்களில் 1,555 பேரைச் சோதித்த ஒரு பெரிய ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஏறக்குறையப் பாதிப்பேரிடம் சோதனைகளில் ஏதாவதொரு குறை தெரிந்தது. ஆனால் கடுமையான மறதிநோய் 2 சதவீதம் பேருக்கே இருந்தது. மற்றவர்களில் பெரும்பாலோருடைய குறை சோதனைத் தாளில் மட்டும் தெரிந்ததேயொழிய அன்றாட வாழ்க்கையில் தெரியவில்லை. ஆகவே சோதனையில் மதிப்பெண் குறைந்த ஒரே காரணத்துக்காக ஒருவரை நோயாளி என்று முத்திரை குத்தாதீர்கள் என்று 2023இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி எழுதினார்கள். எங்களுக்கு அது மிகவும் சரியாகப் பட்டது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவருக்குக் காகிதச் சோதனை வைத்தால், அவருடைய மூளையைவிட அவருடைய பள்ளிக்கூடத்தைத்தான் நாம் அளக்கிறோம்.

முதியவர்கள் என்று ஏன் தனியாகப் பேசுகிறோம்? எச்.ஐ.வி. விஷயத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களையே 'முதியோர்' கணக்கில் சேர்க்கிறார்கள். ஒரு காலத்தில் இந்த வியாதி உள்ளவர்கள் முதுமையைக் காண்பார்கள் என்று யாரும் எண்ணவில்லை. இந்தியாவில் முதன்முதலாக இக்கிருமி 1986ஆம் ஆண்டு சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அன்று மருந்து இல்லை. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் அந்த முதல் மையங்களில் ஒன்று. அந்நாட்களில் நாற்பது வயதில் முதல் மாத்திரையை விழுங்கியவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். இது பெரிய சந்தோஷம். ஆனால் எல்லா முதியோருக்கும் வரும் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, எலும்புத் தேய்வு எல்லாம் அவர்களுக்கும் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை, ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு நிபந்தனை.

ஜன்னலருகே நின்ற தாயாரிடம் திரும்பிப் போவோம். அவருக்குக் கொடுக்கும் டோலுடெக்ராவிர் நல்ல மருந்து. தினம் ஒரு வேளை போதும். ஆனால் வெறும் வயிற்றில் அதோடு கால்சியமோ இரும்புச்சத்து மாத்திரையோ போட்டால் மருந்து சரியாக இரத்தத்தில் சேராது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்துகளில் சிலவும் அப்படியே. சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் இந்த மருந்தினால் இரத்தத்தில் அதிகமாகத் தங்கும். ஆகவே அதன் அளவை டாக்டர் குறைக்க வேண்டி வரும். இத்தனையையும் அவர் ஜன்னலருகே அரை நிமிடத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் போனால்? மருந்து விட்டுவிட்டு உள்ளே போகும். அடங்கியிருந்த கிருமி மறுபடி பெருகும். பெருகும் கிருமி மூளையையும் தொடும். அதனால் மறதி இன்னும் கூடும். மறதியால் மருந்து தவறுகிறது, மருந்து தவறுவதால் மறதி வளர்கிறது. எங்கள் கவலை இந்தச் சுழலைப் பற்றித்தான்.

சரி, பயிற்சியால் இதை மாற்ற முடியுமா?

ஹவாய்த் தீவிலுள்ள பல்கலைக்கழகத்தில் டாக்டர் லிண்டா சாங் தலைமையில் ஒரு குழு இதைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டது. கிருமி உள்ளவர்களும் இல்லாதவர்களும் கணினியின்முன் உட்கார்ந்து, சில வாரங்களில் இருபது இருபத்தைந்து அமர்வுகள் பயின்றார்கள். திரையில் தோன்றும் புள்ளிகளின் வரிசையை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்வது போன்ற பயிற்சிகள். ஒரு கூட்டத்தாருக்கு, சரியாகச் சொல்லச் சொல்லப் பயிற்சி கடினமாகிக்கொண்டே போகும். இன்னொரு கூட்டத்தாருக்குச் சுலபமாகவே இருக்கும். கடினமாகிக்கொண்டே போன பயிற்சியைச் செய்தவர்களின் கைநினைவு தேறியது. மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, அதே வேலையைச் செய்ய முன்போல் அவ்வளவு பாடுபடத் தேவையில்லாமல் நெற்றிப் பகுதி அமைதியடைந்திருந்தது. அலபாமாவில் டேவிட் வான்ஸ் என்னும் பேராசிரியர், நடுத்தர வயதும் முதிய வயதும் உள்ள எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு யோசிக்கும் வேகத்தைக் கூட்டும் பயிற்சியைப் பத்து மணி நேரம் கொடுத்துப் பார்த்தார். அவர்களும் தேறினார்கள்; சில அன்றாடக் காரியங்களைப் போலச் செய்துகாட்டும் சோதனையிலும் வேகம் கூடியது. இது 2012இல் வெளிவந்த சிறிய முன்னோட்ட ஆய்வு.

நல்ல செய்திதானே என்பீர்கள். ஆம், ஆனால் முழுச் செய்தி அல்ல. கைநினைவுப் பயிற்சிகளைப் பற்றி உலகெங்கும் வந்த ஆய்வுகளையெல்லாம் இரு அறிஞர்கள் ஒன்றாகச் சேர்த்து 2013இல் நிறுத்துப் பார்த்தார்கள். பயின்றவர்கள் பயின்ற காரியத்திலும் அதைப் போன்ற காரியங்களிலும் தேறுகிறார்கள்; அது கொஞ்சக் காலத்துக்கு நிற்கிறது. ஆனால் அந்தத் தேர்ச்சி தூரத்திலுள்ள வேறு காரியங்களுக்குத் தானாகப் பரவுவதில்லை என்று கண்டார்கள். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 முதியோரை வைத்து நடந்த பெரிய ஆய்வும் (இவர்கள் எச்.ஐ.வி. உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல) இதையே 2002இல் சொன்னது. நினைவுப் பயிற்சி பெற்றவர்கள் நினைவில் தேறினார்கள், வேகப் பயிற்சி பெற்றவர்கள் வேகத்தில் தேறினார்கள், அவரவர் பயின்றதில் அவரவர். பத்து வருடங்கள் கழித்துப் பார்த்தபோது வேகமும் தர்க்க யோசனையும் பயின்றவர்களுக்குப் பலன் நின்றிருந்தது. நினைவுப் பயிற்சியின் பலன் நிற்கவில்லை. மூளை விளையாட்டுகள் விற்ற ஒரு பெரிய நிறுவனம், தன் விளையாட்டு மறதியைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக 2016இல் இருபது லட்சம் டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது சதாவதானியைப் பற்றிய கேள்வி. நூறு காரியங்களைக் கவனித்த பாவலர், வீட்டில் குடையை எங்கே வைத்தோம் என்று ஒருநாளும் தேடியிருக்க மாட்டாரா? நமக்குத் தெரியாது. ஆனால் அவதானிகள் பயின்றது அவதானத்தை, தேறியதும் அவதானத்தில். அப்படியானால் நாம் எதில் தேற வேண்டுமோ அதையே பயில வேண்டும் அல்லவா? புள்ளிகளை நினைவில் வைக்கும் பயிற்சி அந்தத் தாயாரைப் புள்ளிகளில் கெட்டிக்காரியாக்கும். அவருக்கு வேண்டியது மாத்திரைகளில் கெட்டிக்காரத்தனம்.

எங்கள் சனிக்கிழமைக் கூடுகை இந்த எண்ணத்தில் பிறந்தது. ஆறேழு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். முதலில் கொஞ்ச நேரம் பல்லாங்குழி. எந்தக் குழியில் எத்தனை முத்து என்று பார்க்காமல் சொல்ல வேண்டும் என்பது நாங்கள் சேர்த்த விதி. இது மூளைக்குப் பெரிதாக ஏதாவது செய்கிறதா என்று கேட்டால் உறுதி சொல்லமாட்டோம். ஆனால் வீட்டில் யாரோடும் பேசாமல் இருப்பவர்கள் இங்கே சிரிக்கிறார்கள். பிறகு உண்மையான வேலை. ஒருவர் மருந்தாளுநராக இருப்பார். காலி மாத்திரை அட்டைகளை வைத்துக்கொண்டு ஒரு கட்டளை சொல்வார். கேட்டவர் உடனே அதைத் தம் வாயால் திருப்பிச் சொல்லி, கையால் பெட்டியில் எடுத்துவைப்பார். அது சரியானால் இரண்டு கட்டளைகள். பிறகு மூன்று. தவறினால் ஒரு படி கீழே இறங்கிவருவோம். நடுவில் வேண்டுமென்றே ஒருவர், "அக்கா, உங்க பேத்தி எந்த க்ளாஸ்?" என்று குறுக்கே கேட்பார். பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். வீட்டில் அப்படித்தானே நடக்கிறது! மாத்திரையைக் கையில் எடுக்கும்போதுதான் போன் அடிக்கும், பால் பொங்கும்.

சுமையைக் குறைக்கவும் கற்றுக்கொடுக்கிறோம். ஏழு நாட்களுக்கு ஏழு அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டி ஒரு பாதி வேலையைச் செய்துவிடும். அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று என்று அர்த்தம், நினைவைக் கேட்க வேண்டியதில்லை. மாத்திரையை ஏற்கெனவே நடக்கும் ஒரு காரியத்தோடு கட்டிவிடுவது இன்னொன்று. "ராத்திரி ஒன்பது மணிக்கு" என்பதைவிட, "வாசல் கதவைத் தாழ்போட்டவுடன்" என்பது மனதில் நிற்கிறது. ஒரு பெரியவர் தம் பெட்டியின்மேல் எதையும் எழுதக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். மருமகளுக்கு அவருடைய வியாதி தெரியாது. நாங்கள் யோசிக்காமல் பெரிய எழுத்தில் ஒட்டிக்கொடுத்த சீட்டை அவர் கிழித்துப்போட்டதை மறதி என்று எண்ணியிருந்தோம். இப்போது பெட்டிகளில் வெறும் வண்ணப் புள்ளிகள்தான்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் பாடம் குறைபடும். கைநினைவு குறைந்தால் எல்லாவற்றையும் எச்.ஐ.வி. தலையில் போட்டுவிடக் கூடாது. பயிற்சிக்கு உட்காரும்முன் டாக்டர் பார்க்க வேண்டியவை பல. வைட்டமின் பி12 குறைந்தால் ஞாபகம் தடுமாறும்; நீண்டகாலம் மெட்ஃபார்மின் சாப்பிடுவோருக்கு இந்த வைட்டமின் குறையக்கூடும். தைராய்டு சுரப்பி மந்தமானாலும் புத்தி மந்தமாகும். மனச்சோர்வு முதியவர்களிடம் பல சமயம் அழுகையாக வராமல் மறதியாகவே வரும். ஒரு கணவனையோ மகனையோ இதே வியாதிக்குப் பலிகொடுத்தவர்களிடம் இதைக் கேட்காமல் விடக் கூடாது. தூக்கம் கெட்டாலும், இரத்தக் கொதிப்பு அடங்காவிட்டாலும் அப்படியே. அரிப்புக்கும் சளிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள் முதியோரின் புத்தியைக் கலக்கும். காது மந்தமானவருக்கோ, கட்டளை மனதிலிருந்து நழுவவில்லை, உள்ளே போகவேயில்லை. இவற்றில் பலவற்றைச் சிகிச்சையால் சரிசெய்யலாம். உங்கள் வீட்டில் மறதியுள்ள முதியவர் இருந்தால், அவருக்கு எந்த வியாதியும் இல்லாவிட்டாலும், இந்தப் பத்தியை மறுபடி ஒருமுறை வாசியுங்கள். மாத்திரை எதையும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

நண்பர் ஒருவர் எங்களுக்கு எழுதிய கடிதத்தில், நினைவுப் பயிற்சிக்கென்று பத்துக் கணினிகள் வாங்கித் தரட்டுமா என்று கேட்டிருந்தார். அவருடைய அன்புக்கு நன்றி. ஹவாயில் கணினிப் பயிற்சி பலன் தந்தது உண்மை. அது கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை.  ஆனால் எங்கள் கூடுகையில் பாதிப்பேர் எலியைத் தொடவே பயப்படுகிறார்கள் (கணினி எலியைச் சொல்கிறோம், நிஜ எலியைத் துடைப்பத்தால் ஒரே அடியில் முடித்துவிடுவார்கள்). பத்துக் கணினிகளின் விலையில் நூற்றுக்கணக்கானோருக்கு மாத்திரைப் பெட்டி, மூக்குக் கண்ணாடி, பி12 இரத்தச் சோதனை எல்லாம் ஆகிவிடும் என்று அவருக்குப் பதில் எழுதினோம். ஒரே ஒரு கணினி வேண்டுமானால் போதும் என்றும் எழுதினோம். பேரப்பிள்ளைகளோடு வருகிறவர்கள் சிலருக்கு அது பிடித்திருக்கிறது.

மருந்து ஜன்னலிலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். மருந்தாளுநர் ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான் சொல்ல வேண்டும். சொன்னதும், "எப்படிப் போடுவீங்க, எனக்குச் சொல்லுங்கம்மா" என்று கேட்க வேண்டும். அதன்பிறகே அடுத்தது. ஒருவருக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகிறது. வரிசை நீண்டுவிட்டது என்ற புகாரும் வந்திருக்கிறது; அதற்காகக் காலையில் அரை மணி நேரம் முன்னதாக ஜன்னலைத் திறக்கிறோம்.

அந்தத் தாயார் போன மாதம் வந்தபோது கட்டளைகளைத் திருப்பிச் சொன்னார். நான்கில் மூன்று சரி. நான்காவதை மருந்தாளுநர் எடுத்துக்கொடுக்கும்முன் அவரே நிறுத்தி, "தம்பி, இருங்க. கால்சியம் இந்தத் தடவை நீங்க வைக்கவே இல்லியே" என்றார். பார்த்தால், உண்மையாகவே வைக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பதை மட்டும் இன்னும் மறந்துபோகிறார். அன்றைக்கும் அது மேஜைமேல் இருந்தது. பின்னாலேயே ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.